பதினேழாம் படகு கூப்பிடுகிறது!

காலை ஏழு பத்துக்குப் படகு பாடியது!

ஆர்லிஸின் காப்பிக் குவளை உதட்டுக்குப் போகும் வழியில் அப்படியே நின்றது.

அக்டோபர் மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. படகு யார்டில் ஈ காக்கை இல்லை. விடியலில் விழுந்த முதல் உறைபனி, தரையெல்லாம் உப்பைத் தூவினாற்போலக் கிடந்தது. ஏரியை விட்டுக் கரையேறிய நாற்பத்தொரு படகுகள் தாங்குகட்டைகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் போர்வை. அனல் காட்டிச் சுருக்கி, மேளத் தோல் மாதிரி இறுக்கிய போர்வை. பனிக்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஓர் எறும்பு வெளியே வராது.

போர்த்தியவள் ஆர்லிஸ். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷமாக அதுதான் பிழைப்பு.

பதினேழாம் நம்பர் படகின் வயிற்றுக்குள்ளிருந்து அக்கார்டியன் இசை வந்தது. டிங்கிரி டிங்கிரி... போல்கா நடன மெட்டு!

நின்றது.

மறுபடியும் ஆரம்பித்தது!

"கோர்டி!... ஏய், கோர்டி!"

கத்திக்கொண்டே ஷெட்டைப் பார்த்து ஓடினாள். கடைசி வரிசை ஓரமாகத் திரும்பும்போது பின்கழுத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. "சே!" என்று துடைத்துக்கொண்டாள். நிற்க நேரமில்லை.

கோர்டி வாயில் பாதி டோனட்டோடு வெளியே வந்தான். ஆர்லிஸின் கொழுந்தன். ஐம்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை; மீன்பிடிக்கும் கழியோடுதான் குடித்தனம். அவள் கணவன் போன பிறகு சொந்தம் என்று மிச்சமிருந்தது இவன் ஒருவன்தான்.

"என்ன அண்ணி? பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"போட் பாடுதுடா!"

"காலங்காத்தாலயேவா? காப்பில பிராந்தியை ஊத்திட்டீங்களா?"

"வாயை மூடு. காதை வை."

கோர்டி பிளாஸ்டிக்கில் காதை வைத்தான். சிரித்தான்.

"பழையபடி பூனையை வச்சு மூடிட்டீங்களா?"

"பூனை போல்கா பாடாது!"

அடுத்த வினாடி அவன் முகத்திலிருந்து சிரிப்பு வழுக்கி விழுந்தது. டோனட்டும்.

"அண்ணி... இது... லைல் போனு!"

ஊருக்கே தெரிந்த மணியோசை அது. ஏரிக்கரை ஹோட்டல் முதலாளி லைல். வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவல் விருந்தில் இருநூறு பேருக்குப் பரிமாறியவன். சனிக்கிழமை காலையில் ஆளைக் காணோம்!

அவன் மட்டுமா? ஹோட்டல் சுவரில் இருபத்தைந்து வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு தொங்கிய பாடம் பண்ணின மஸ்கி மீன்... மூக்கிலிருந்து வால் வரை ஐம்பத்தெட்டு அங்குலம், மாவட்டத்திலேயே நீளமான மீன் என்று பெயர் வாங்கியது... அதையும் காணோம்!

"நான் இந்த போட்டை எப்பப் போத்தினேன்?"

"வெள்ளிக்கிழமை காலைல."

"லைலை நீ கடைசியா எப்பப் பாத்தே?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி. கையில அந்த போனை வச்சு ஆட்டிக்கிட்டே என்கிட்ட கத்தினான்."

"அப்ப..."

ஆர்லிஸ் படகைச் சுற்றிப் பார்த்தாள். வெட்டு இல்லை. கிழிசல் இல்லை. ஜிப் கதவு இல்லை.

"...காலைல மூடின போட்டுக்குள்ள, ராத்திரி கையில இருந்த போன் எப்படிடா போச்சு?"

படகு பதிலுக்குப் பாடியது. டிங்கிரி டிங்கிரி...

*

போலீஸ் ஜீப் எட்டே நிமிடத்தில் வந்தது. நோரீன் குதித்தாள். முப்பத்திரண்டு வயது. ஆர்லிஸின் மகளோடு படித்தவள். இடுப்பில் துப்பாக்கி, கண்ணில் இரண்டு நாள் தூக்கமில்லாத சிவப்பு.

இறங்கியதும் கடைசி வரிசையைத்தான் பார்த்தாள். அங்கே அவளுடைய பதினெட்டடிப் படகு இருந்தது. நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது.

"என் செல்லம் எப்படி இருக்கு ஆன்ட்டி? மத்த போட்டெல்லாம் நரைச்சுப் போயிருக்கு, என்னது மட்டும் பளபளன்னு இருக்கு!"

"நல்லா இறுக்கியிருக்கேன்ல," என்றாள் ஆர்லிஸ் எங்கோ பார்த்தபடி. "ஜிப் கதவு வேணும்னு உயிரை எடுத்தியே, அதான் ரெண்டு தடவை இழுத்தேன்."

"பனிக்காலத்துல எப்பவாவது உள்ள போய் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும் ஆன்ட்டி. அதுக்குத்தான் அந்த வழி. சரி... எங்க அந்த போன்?"

டிங்கிரி டிங்கிரி...

நோரீனின் முகம் மாறியது. கை துப்பாக்கிக்குப் போனது.

"எதுக்கு? போனைச் சுடப் போறியா?" என்றாள் ஆர்லிஸ். கொக்கிக் கத்தியை எடுத்து, முப்பது டிகிரிச் சாய்வில் இழுத்து இழுத்துப் போட்டிருந்த போர்வையை மனசில்லாமல் கிழித்தாள்.

சர்ர்ர்ர்க்!

மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

பின்சீட்டில் போன். பக்கத்தில் லைலின் தொப்பி. ஒற்றைத் தோல் கையுறை.

சீட் முழுக்க... தரை முழுக்க... சிவப்பு!

"ரத்தம்!" என்று அலறினான் கோர்டி.

நோரீன் கையுறையைத் திருப்பினாள். உள்பக்கம் மையால் எழுதின ஒரு பெயர்.

"கோர்டி அங்கிள்... இது உங்க பேரு!"

"என்... என்னோடதுதான். போன வாரம் தொலைஞ்சுது!"

போன் மறுபடி பாடியது. நோரீன் எடுத்தாள். மூன்றடி தள்ளி நின்றவர்களுக்கும் அந்தக் குரல் கேட்டது. லைலின் மனைவி பெர்னடீன்.

"லைல்! எங்கடா தொலைஞ்சே! மூணு நாளா விடாம அடிக்கறேன்! உருளைக்கிழங்கை யாரு உரிக்கறது? உங்கப்பனா?"

"மேடம்... நான் டெபுடி நோரீன்."

"ஐயோ! செத்துட்டானா?"

"இன்னும் தெரியலை மேடம்."

"தெரிஞ்சதும் சொல்லு. செத்திருந்தா அழறேன். உயிரோட இருந்தா நான் அங்க வர்றேன்!"

டொக்!

நோரீன் கோர்டி பக்கம் திரும்பினாள். குரலில் அங்கிள் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை ஹோட்டல்ல என்ன சண்டை?"

"எப்பவும் போடற சண்டைதான்!"

"என்ன சொன்னீங்க?"

கோர்டி தொப்பியைப் பின்னால் தள்ளினான்.

"அவன் மீன் போலின்னு சொன்னேன். இருபத்தஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்? அந்த வருஷம் ரெண்டாவதா வந்தது என் மீனு! ஐம்பத்தேழு அங்குலம்! ஒரே ஒரு அங்குலத்துல தோத்தேன்! வருஷா வருஷம் அவன் மீன் பேர்ல திருவிழா. ஊர்வலத்துல அவன் முன்னாடி. நான் குதிரைச் சாணி அள்ளறவன் பக்கத்துல!"

"அப்புறம்?"

"திங்கக்கிழமை மீன் சாதனைக் கழகத்துலேருந்து எக்ஸ்ரே மெஷினோட ஆள் வர்றான், உன் மீன் வயித்துல என்ன இருக்குன்னு ஊரே பாக்கப் போகுதுன்னேன்."

"அவங்களுக்கு மொட்டைக் கடுதாசி போட்டது யாரு?"

கோர்டி வானத்தைப் பார்த்தான். வானம் உதவவில்லை.

"...நான்தான்."

"கடைசியா லைல் கிட்ட என்ன சொன்னீங்க? இருநூறு பேர் கேட்டிருக்காங்க."

"மீனை மட்டுமில்ல... உன்னையும் கிழிச்சுத் தொங்கவிடுவேன்னு... ஒரு பேச்சுக்கு!"

"நேத்து, ஞாயித்துக்கிழமை மத்தியானம், யார்டுல யாருமே இல்லாதப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்ல. ஃபுட்பால் மேட்ச் பாத்தேன்."

"மூணாவது கால் பகுதி ஆட்டத்துல என்ன ஆச்சு?"

"அது... வந்து..." கோர்டியின் தலை தொங்கியது. "தூங்கிட்டேன்."

நோரீன் ஓரடி பின்வாங்கினாள்.

ஆர்லிஸே ஒரு கணம் ஆடிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் இந்த ஊரில் தெருவில் நாய் நடக்காது. சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். பிரசவ வலி வந்தால்கூடப் பாதி ஆட்டம் முடியட்டும் என்று பல்லைக் கடிப்பார்கள்.

"மேட்ச் நடக்கும்போது தூங்கினேன்னு சொல்றீங்க... அதை நான் நம்பணும்!" நோரீன் இடுப்பிலிருந்து விலங்கை உருவினாள். "அங்கிள், எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. மிரட்டியிருக்கீங்க. கையுறை உங்களுது. ரத்தம் இருக்கு. எல்லாத்துக்கும் மேல... இந்த ஊர்ல ஒரு போட்டைத் திறந்துட்டு, தடமே தெரியாமத் திரும்பப் போத்தறதுக்கு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஆன்ட்டி நேத்து மேட்சுக்கு எங்க வீட்லதான் இருந்தாங்க. எங்கம்மா கூட."

க்ளிக்!

"அண்ணி!" கோர்டியின் குரல் உடைந்தது. "அண்ணி, நான் இல்ல அண்ணி! ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

ஆர்லிஸ் படகுப் பக்கம் திரும்பினாள்.

படகின் மேல் ஏறினாள். சிவப்புக் குட்டையில் விரலை விட்டாள். நக்கினாள்!

"ஆன்ட்டீ! ஐயோ! அது ஆதாரம்!"

"செர்ரி," என்றாள் ஆர்லிஸ்.

"என்னது?"

"செர்ரிச் சாறு. பட்டை சேர்த்திருக்கு. சர்க்கரை கம்மி. பெர்னடீன் அவ ஹோட்டல்ல சுடற பழப் 'பை' பலகாரத்துல ஊத்தற சாறு. உனக்குச் சந்தேகம்னா நீயும் நக்கிப் பாரு."

நோரீன் தயங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். நக்கினாள்.

"...ஆமா ஆன்ட்டி. பட்டை தூக்கலா இருக்கு."

"ரத்தமில்லைன்னா கொலை இல்லை. விலங்கைக் கழட்டு."

"கொலை இல்லைன்னா கடத்தலா இருக்கலாம். லைல் எங்க? மீன் எங்க? அது தெரியற வரைக்கும் அங்கிள் ஜீப்ல உக்காரட்டும். பத்து நிமிஷத்துல டவுனுக்குக் கிளம்பறேன்."

கோர்டி ஜீப்பின் பின்சீட்டில் ஏறினான். கம்பி வழியாக அவன் கண்கள் ஆர்லிஸையே பார்த்தன. தப்புச் செய்யாமல் அடி வாங்கின நாய்க்கு இருக்கும் கண்கள்.

பத்து நிமிடம். அதற்குள் எதையாவது பிடிக்காவிட்டால் ஜீப் டவுனுக்குப் போய்விடும். கொழுந்தன் லாக்கப்புக்குப் போய்விடுவான்!

ஆர்லிஸ் பதினேழாம் படகைச் சுற்றினாள். இந்தத் தடவை காதால் இல்லை. கண்ணால்.

நின்றாள்.

குனிந்தாள்.

பிளாஸ்டிக்கின் ஓரத்தில் கொசுவம் மாதிரி மடித்து ஒட்டின மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நோரீன்! இங்க வா. இது என் கை இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் மடிப்பை எப்பவும் பின்பக்கம் பாத்துதான் போடுவேன். காத்து வழுக்கிக்கிட்டுப் போயிடும். இது பூராவும் முன்பக்கம் பாத்திருக்கு. காத்து உள்ள புகுந்து புடைக்கும், ஜனவரில டார்னு கிழியும். இங்க பாரு, காத்துத் துளை! ஏரிப் பக்கம் பாத்து வச்சிருக்கான்! அந்தப் பக்கம் எவனாவது வைப்பானா? பனி பூரா உள்ளதான் வரும்!"

"அப்ப கோர்டி அங்கிள் கைதான்."

"அவனா? அவனுக்கு மடிக்கவே தெரியாது. ஓட்டை தெரிஞ்ச இடத்துலெல்லாம் டேப்பை ஒட்டிட்டு டோனட் தின்னப் போயிடுவான்!"

"கேக்குது அண்ணி!" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

"கேக்கட்டும்!"

"அப்ப மூணாவதா யாரு ஆன்ட்டி? இந்த ஊர்ல வேற யாருக்குப் போத்தத் தெரியும்?"

ஆர்லிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். இருபது வருஷமாக மூடியே வைத்திருந்த வாய்.

"நோரீன்... அந்தப் பூனை கதை தெரியுமா உனக்கு?"

"யாருக்குத் தெரியாது? நீங்க ஒரு போட்டுக்குள்ள பூனையை வச்சுப் போத்திட்டீங்க. அது ரெண்டு நாள் கத்தி ஊரைக் கூட்டிச்சு. அதுலேருந்து எந்த போட்டைப் போத்தறதுக்கு முன்னாலயும் நீங்க மூணு தடவை, 'யாராவது உள்ள இருக்கீங்களா'ன்னு கத்துவீங்க. ஸ்கூல்ல நாங்க நடிச்சுக் காட்டுவோம்."

"அந்த போட்டைப் போத்தினது நான் இல்லை."

"என்ன?"

"அந்த வருஷம் எனக்குத் தோள் பிசகிடுச்சு. ஒரு சீசனுக்குக் கூலிக்கு ஆள் வச்சேன். மடிப்பை எப்பவும் முன்பக்கம் பாத்தே போடுவான். எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டான். பூனை விவகாரம் ஆனதும் நிறுத்திட்டேன். அவன் ஊர் பூரா, 'ஆர்லிஸ் பூனையைப் போத்திட்டா'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான். யார்டு என் பேர்ல இருக்கு, பழியும் என் பேர்ல இருக்கட்டும்னு விட்டேன்."

"யாரு ஆன்ட்டி அது?"

"ஹோட்டல் சரியா ஓடாத அந்த வருஷம் அவன் பாக்காத வேலை இல்லை." ஆர்லிஸ் கத்தியை மடக்கினாள். "லைல்!"

நோரீனின் வாய், தொலைந்துபோன அந்த மஸ்கி மாதிரி பிளந்துகொண்டது.

"காணாமப் போனவனே வந்து போட்டைப் போத்தினானா?"

"நேத்து மேட்ச் நேரத்துல. தெருவுல நாயே இல்லாதப்ப. என் ஷெட்டுலேருந்து அனல் துப்பாக்கியை எடுத்திருக்கான். கேஸ் சிலிண்டர் லேசா இருக்கேன்னு காலைலயே நினைச்சேன்! எக்ஸ்ரே ஆள் வந்துட்டுப் போற வரைக்கும் மீன் இருக்கக் கூடாது. மீன் தானாப் போகாது. அதனால ஒரு திருடன் வேணும். அந்தத் திருடன் கோர்டி!"

"அப்ப லைல் இப்ப எங்க?"

அதுதான் தெரியவில்லை.

ஆர்லிஸ் பெருமூச்சு விட்டாள். மூச்சு புகையாக வந்தது. கழுத்தை வளைத்து வலித்த இடத்தைத் தடவினாள். பின்கழுத்தில் இன்னும் ஈரம்.

ஈரம்!

"நோரீன்... இன்னிக்கு என்ன குளிர்?"

"பூஜ்யத்துக்குக் கீழ மூணு. ஏன்?"

"அப்ப என் கழுத்துல எப்படி சொட்டுத் தண்ணி விழுந்துது?"

மெல்லத் திரும்பினாள். நாற்பத்தொரு படகுகள். நாற்பதின் மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

ஒன்றின் மேல் மட்டும் இல்லை!

அது மட்டும் குளித்துவிட்டு வந்தது மாதிரி பளபளவென்று மின்னியது. விளிம்பிலிருந்து சொட்... சொட்... சொட்...

உள்ளே சூடு! யாரோ இருக்கிறார்கள்!

"ஆன்ட்டி..." நோரீனின் குரல் கம்மியது. "அது... அது என் போட்டு!"

"போலீஸ் எல்லா இடத்துலயும் தேடும். தன் போட்டுல தேடாது. ஜிப் கதவு வேற நீயே வச்சுக் குடுத்திருக்கே!"

இருவரும் ஓடினார்கள். ஆர்லிஸ் கையை வாய்க்குக் குவித்தாள்.

"யாராவது உள்ள இருக்கீங்களா?"

பதிலில்லை.

"யாராவது உள்ள இருக்கீங்களா?"

பதிலில்லை. ஆனால் ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. எரிந்தும் எரியாமலும் திணறுகிற கேஸ் நாற்றம்! ஆர்லிஸ் காற்றுத் துளையில் விரலை விட்டாள். விரல் போகவில்லை. உள்ளேயிருந்து டேப் போட்டு அடைத்திருந்தது!

"பாவி! குளிருதுன்னு துளையை அடைச்சுட்டான்! உள்ள கேஸ் கணப்பு எரியுது, நோரீன்! விஷப்புகை! ரெண்டு மூச்சுல ஆளைச் சாய்ச்சுடும்! உன் டேங்க்ல பெட்ரோல் இருக்கா?"

"ஃபுல்லா இருக்கு! நீங்கதானே ரொப்பி வைக்கச் சொன்னீங்க!"

"லைல்! டேய் லைல்! யாராவது உள்ள இருக்கீங்களா?"

டொக்...

மெல்லிய சத்தம். குதிகாலால் பலகையைத் தட்டுகிற சத்தம்.

டொக்.

அப்புறம் அதுவும் நின்றுவிட்டது!

நோரீன் ஜிப்பை இழுத்தாள். வரவில்லை. உள்ளேயிருந்து எதையோ வைத்துக் கட்டியிருந்தது.

ஆர்லிஸின் கொக்கிக் கத்தி பாய்ந்தது.

"ஆன்ட்டி, பாத்து! பெயிண்ட்ல படப்போகுது!"

"உன் பெயிண்ட்டைக் கொண்டு குப்பையில போடு!"

சர்ர்ர்ர்ர்ர்க்! மூக்கிலிருந்து வால் வரை ஒரே இழுப்பு! போர்வை இரண்டாகப் பிளந்தது. வெக்கை முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே குதித்தாள். கணப்பை ஓர் உதை! அது பறந்துபோய் வெளியே உறைபனியில் விழுந்து உஸ்ஸென்று அணைந்தது.

தரையில் லைல். தக்காளி மாதிரி சிவந்த முகம். அரைக்கண். மார்போடு அணைத்த கைகளுக்குள், குழந்தையைப் போலப் போர்வை சுற்றி... வாயைப் பிளந்த மஸ்கி!

இருவருமாய்க் கையைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். உறைபனித் தரையில் முதுகு பட்டதும் லைல் இருமினான். இருமினான். இருமிக்கொண்டே இருந்தான்.

"உயிர் இருக்கு!" என்றாள் நோரீன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே.

லைல் கண்ணைத் திறந்தான். ஆர்லிஸைப் பார்த்தான். முதல் வார்த்தை...

"மீன்... மீனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உன்னையும் அதையும் சேத்துப் பாடம் பண்ணி மாட்டணும்டா! துளையை ஏன் அடைச்சே? என்கிட்ட வேலை பாத்தவன்தானே நீ?"

"குளிரு ஆர்லிஸ்... தாங்கலை..."

"ஏரியிலயே தூக்கிப் போட்டிருக்கலாமே அந்த மீனை? எவனுக்கும் தெரிஞ்சிருக்காதே!"

லைல் கண்ணில் தண்ணீர். கேஸ் புகையா, வேறெதுவோ தெரியவில்லை.

"மனசு வரலை. இருபத்தஞ்சு வருஷம். தினம் கடையைத் திறந்ததும் அதுகிட்டதான் குட்மார்னிங் சொல்லுவேன். பெர்னடீன்கிட்ட கூட அப்புறம்தான்."

"அதை பெர்னடீன்கிட்ட நீயே சொல்லு. அவ வந்துக்கிட்டிருக்கா."

லைல் மறுபடி மயங்கிவிடப் பார்த்தான்.

*

பத்து மணிக்கு எக்ஸ்ரே ஆள் வந்தார். பெயர் ப்ரூயிட். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சிரித்தே பழக்கமில்லாத உதடுகள். அதற்குள் பாதி ஊர் யார்டில் கூடியிருந்தது. ஆம்புலன்ஸின் பின்கதவில் ஆக்ஸிஜன் முகமூடியோடு லைல். பக்கத்தில் பெர்னடீன். அவன் காது அவள் கைக்குள் இருந்தது.

விலங்கு கழன்ற கோர்டி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி முன்வரிசையில் நின்றான். ஊர் வாசலில் பல் டாக்டர் விளம்பரம் போலப் பல் அத்தனையும் வெளியே!

"பாத்துக்கங்க! நல்லாப் பாத்துக்கங்க! இருபத்தஞ்சு வருஷம் கத்தினேன்! ஒரு பய கேட்டானா?"

மரத் தாங்கிகளின் மேல் மீனைக் கிடத்தினார்கள். மெஷின் உறுமியது. திரையில் படம் வந்தது.

கூட்டம் முண்டியடித்தது.

ப்ரூயிட் பென்சிலால் சுட்டினார்.

"தலைப் பக்கம் ஒரு மீன். வால் பக்கம் வேற மீன். நடுவுல தகரப் பட்டி. ஆறு ஆணி. சுருக்கமாச் சொன்னா... இது ரெண்டு மீன்!"

"ஓஹோ!" என்று கூவினான் கோர்டி. தொப்பி ஆகாயத்துக்குப் போனது.

லைல் முகமூடியை விலக்கினான்.

"சத்தியமா நான் ஒட்டலைங்க! நான் நாப்பத்தொன்பது அங்குலத்துலதான் பிடிச்சேன். பாடம் பண்ணக் குடுத்தேன். திரும்பி வரும்போது ஐம்பத்தெட்டா வந்துது! வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? ஊரே கை தட்டிட்டு இருந்துது!"

"பாடம் பண்ணினது யாரு?"

"எல்மர். மெயின் தெரு எல்மர். அவர் போய்ப் பன்னண்டு வருஷமாச்சு."

ப்ரூயிட் நோட்டில் எழுதிக்கொண்டார். லைலின் பெயரை அடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். முதல் தடவையாக உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அப்ப மாவட்ட சாதனை, ரெண்டாவதா வந்த ஐம்பத்தேழு அங்குல மீனுக்குப் போகுது. மிஸ்டர் கோர்டி... வாழ்த்துகள்!"

கைதட்டல்! விசில்! நோரீன் குற்ற உணர்ச்சியில் மற்றவர்களைவிட உரக்கத் தட்டினாள். ஆர்லிஸ் கொழுந்தனின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் அதைக் காட்டிக்கொள்கிற ஆளில்லை.

"அடுத்த வருஷம் ஊர்வலத்துல நீதான்டா முன்னாடி!"

ப்ரூயிட் மெஷினை அணைக்கவில்லை.

"உங்க மீன் இப்ப எங்க இருக்கு மிஸ்டர் கோர்டி?"

"வீட்லதாங்க! சோபாவுக்கு மேல! தினம் துடைப்பேன்!"

"பாடம் பண்ணினது யாரு?"

கைதட்டல் நின்றது.

கோர்டியின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"அது... அந்தக் காலத்துல ஊர்லயே ஒரே ஒருத்தர்தாங்க..."

"பேரு?"

"...எல்மர்."

"அப்படியா," என்றார் ப்ரூயிட். பென்சிலைக் காதில் செருகினார். "மெஷின் சூடாத்தான் இருக்கு. உங்க வீடு எவ்வளவு தூரம்?"

ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பெர்னடீன் காதைத் திருகியதும் அடங்கியது.

கோர்டி ஓரடி பின்வாங்கினான். இன்னோர் அடி. ஆர்லிஸின் சட்டைக் கையைப் பிடித்து, ஷெட் ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். நெற்றியில் வியர்வை. பூஜ்யத்துக்குக் கீழ் மூன்றில்!

"அண்ணி..."

"டேய்! நீ எத்தனை அங்குலத்துலடா பிடிச்சே?"

கோர்டி ஷெட் சுவரில் சாய்ந்திருந்த பிளாஸ்டிக் சுருளையே பார்த்தான்.

"ஏரியில இன்னும் ஆறு போட் கிடக்குல்ல, கரையேத்திப் போத்த வேண்டியது பாக்கிதானே அண்ணி?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுல மட்டும் ஜிப் கதவு வச்சிடுங்க. காத்துத் துளையைச் சத்தியமா அடைக்க மாட்டேன்!"